இரண்டாவது பை

அந்தக் கல் மிளகு அளவுகூட இருந்திருக்காது. பித்தப்பைக்குள் பல வருஷமாகச் சும்மா கிடந்தது. ஒரு நாள் என்ன நினைத்ததோ, கிளம்பி வந்து, பித்தநீரும் கணையத்தின் நீரும் சேர்ந்து குடலுக்குள் இறங்கும் குழாயின் வாயில் உட்கார்ந்துகொண்டது. அது செய்த வேலை அவ்வளவுதான். மிச்சத்தைக் கணையமே பார்த்துக்கொண்டது. சாப்பாட்டைச் செரிக்க வேண்டிய நீர் வெளியே போக வழியில்லாமல், இருந்த இடத்தையே செரிக்கத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஸ்டியரிங்கில் இருந்த மாணவிக்கு அன்றைக்குத்தான் ரிவர்ஸ் பாடம். பயந்துபோய் அவள் அந்த ரிவர்ஸிலேயே தெருமுனை ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டாள் என்று டிரைவிங் ஸ்கூலில் இப்போதும் சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் மனைவியும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அவரிடம் படித்தவள்தான். மூன்று முறை டெஸ்டில் தோற்று, நாலாவது முறை எப்படியோ தேறி, அடுத்த ஐந்தாவது மாதம் அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். "எல்லாரும் லைசென்ஸ் வாங்கினா போயிடுவாங்க. இவ மட்டும் போகல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. புகார் எடுக்கும் பிரிவு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் நூற்றைம்பது பேர் திட்டிவிட்டுப் போவார்கள். குழாயில் காற்று வருகிறது, சாக்கடை வருகிறது, எதுவுமே வரவில்லை. அவள் யாரையும் எதிர்த்துப் பேச மாட்டாள். கத்தி முடிக்கும்வரை விட்டுவிட்டு, எந்த நேரம், எந்த இடம், என்ன நடந்தது என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்வாள். எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததுமே பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். முகம் தெரியாதவனை உட்கார்ந்த இடத்திலிருந்தே சாந்தப்படுத்துவது சாதாரண வேலை இல்லை. பதினாறு வருஷமாக அவள் அதில் கெட்டிக்காரி.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் இறங்கி, வயிற்று வீக்கம் வடிந்து, எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் மாஸ்டரின் பேச்சு தடம் மாறியது.

"அக்கா, டோக்கன் எங்க வாங்கணும்?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கு அப்படிச் சீண்டுகிற பழக்கம் உண்டு. "விளையாடாதீங்க மாஸ்டர்."

"இல்லக்கா. ரொம்ப நேரமா நிக்கிறேன். எனக்கு முன்னாடி நூறு பேர் நிக்கிறாங்க."

அவர் கண்ணில் விளையாட்டு இல்லை. கட்டிய மனைவியை அக்கா என்று கூப்பிட்ட அந்த வாய், மூன்று நாள் சம்பந்தமில்லாமல் எதையெதையோ பேசியது. மூக்கில் போட்டிருந்த குழாயை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். பிறகு அந்தப் பேச்சும் நின்றது. கண் பாதி திறந்திருக்கும், சுவரைப் பார்த்தபடி கிடப்பார். திட்டுகிறவர்களை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். பேசாமல் கிடக்கிறவரை என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

நரம்பு டாக்டர் குள்ளமான பெண். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அவர் அவளையும், மாஸ்டரின் தம்பியையும் உட்காரவைத்துப் பேசினார். தம்பிக்குக் குடும்பத்தில் சந்தேகம் என்று பெயர். குழந்தை பிறந்தால்கூட எடை சரியாகப் போட்டார்களா என்று கேட்கிற ஆள்.

"கணையத்துல பத்தின தீ ரத்தத்துல ஏறிடுச்சும்மா" என்றார் டாக்டர். "மூளைக்குன்னு ஒரு காவல் இருக்கு. ரத்தத்துல வர்ற கண்டதையும் அது உள்ள விடாது. அந்தக் காவல் தளர்ந்து போச்சு. இப்ப மூளையிலயும் வீக்கம். பெரிய அடைப்பு இல்ல, கசிவு இல்ல. ஆனா மொத்தமா மங்கியிருக்கு."

"திரும்பி வருவாரா?"

"சில பேர் தானாவே தெளியறாங்க. சில பேர் தெளியறதில்ல. நாளாக ஆக வாய்ப்பு குறையும்."

பிறகுதான் ஸ்டெம் செல் விஷயத்தைச் சொன்னார். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற சிகிச்சை. தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை ஏழு நாள் இடைவெளியில் இரண்டு பையாக நரம்பில் ஏற்றுவார்கள்.

"அப்ப எங்க அண்ணன் என்ன, சோதனை எலியா?" என்றான் சந்தேகம்.

"எலிக்கெல்லாம் முன்னாடியே பார்த்தாச்சு. இவர் பதினோராவது மனுஷர்."

"மத்த பத்துப் பேர்?" என்று அவள் கேட்டாள்.

"ஆறு பேர் தெளிஞ்சாங்க. மூணு பேருக்கு ஒரு மாற்றமும் இல்ல. ஒருத்தர் வேற தொற்று வந்து இறந்துட்டார். அந்த ஆறு பேரும் இதாலதான் தெளிஞ்சாங்கன்னு கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. இன்னும் தெரியல."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கையெழுத்துப் போட வைத்தது. நாளைக்குள் கண்டிப்பாகத் தண்ணீர் வந்துவிடும் என்று அடித்துச் சொல்கிற பொறியாளர்களை அவளுக்குத் தெரியும். பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்கிறவர்தான் ஆள் அனுப்புவார். ஏழு பக்கப் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். முதல் பைக்குப் பிறகு புதிதாக வலிப்பு வந்தால் இரண்டாவது பை கிடையாது என்று ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் போட்டாள்.

பத்தொன்பதாம் நாள் மாஸ்டரை ஐ.சி.யு.விலிருந்து தாழ்வாரத்தைப் பார்த்த தனி அறைக்கு மாற்றினார்கள். அன்று காலை செல் ரூம்காரர் வந்தார். கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் செல் வளர்க்கிற அறையில் வேலை. ஆள் ஆஜானுபாகு, குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். சக்கரம் வைத்த ஒரு எஃகு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து மூடியைத் திறந்தார். வெள்ளையாகப் புகை வழிந்து தரையில் இறங்கியது. பெரிய கையுறை போட்டு உள்ளேயிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளங்கை அகலம்தான். பலகைத் துண்டு மாதிரி விறைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் அதை மிதக்கவிட்டு மெல்ல ஆட்டினார். இரண்டே நிமிஷத்தில் பை குழைந்து, உள்ளே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஏதோ கலங்கலாக ஆடியது.

இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது.

"இதுல எத்தனை செல் இருக்கும்?" என்று கேட்டாள்.

"சார் எழுபது கிலோ. கிலோவுக்குப் பத்து லட்சம். ஏழு கோடி."

"அத்தனையும் உசிரோடவா?"

"நூத்துல எண்பதுக்குக் குறைஞ்சா நான் கீழேர்ந்தே அனுப்ப மாட்டேன். உருக்கி எழுப்பிட்டா திரும்பத் தூங்க வைக்க முடியாது. அதனாலதான் இங்க எல்லாரும் சரின்னு சொன்னப்புறம்தான் எழுப்புவேன்."

"எங்கேர்ந்து வந்தது?"

"ஒரு தாய் குடுத்தாங்க. பிரசவம் ஆனதும் கொடியைக் குப்பையிலதானே போடுவாங்க? அவங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. ஒரு விரல் நீளம் போதும் எனக்கு. அந்தப் புள்ளை இந்நேரம் நடக்க ஆரம்பிச்சிருக்கும். யாருன்னு எனக்கே தெரியாது. நம்பர்தான் தெரியும்."

சந்தேகம் விடவில்லை. "இது போய் மூளையா மாறிடுமா?"

"இல்ல தம்பி. முக்காவாசி மூளைப் பக்கமே போகாது. நுரையீரல்ல போய்ச் சிக்கிக்கும். சில நாள்ல அழிஞ்சும் போயிடும். ஆனா அதுக்குள்ள சேதி அனுப்பும். சண்டையை நிறுத்துங்க, ரிப்பேர் வேலையைப் பாருங்கன்னு. அந்தச் சேதி ரத்தத்தோட மேல போகுது. அப்படித்தான் நாங்க நினைக்கிறோம்."

அவள் பையையே பார்த்தாள். "உக்காந்த இடத்துலேர்ந்தே சமாதானம் பண்ணுதா?"

"அப்படியும் சொல்லலாம்."

அவளுக்கு மெய்சிலிர்த்துப்போனது. அது அவள் தினமும் செய்கிற வேலை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவள் நூற்றைம்பது பேருக்குச் செய்வதை, இந்தக் கலங்கல் தண்ணீருக்குள் ஏழு கோடி பேர் உட்கார்ந்து செய்யப் போகிறார்கள். குப்பைக்குப் போக வேண்டிய ஒரு விரல் நீளத்திலிருந்து. யாரோ ஒருத்தி, பெற்ற களைப்போடு, எதற்கென்றே தெரியாமல் போட்ட ஒரு கையெழுத்திலிருந்து. பையை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்கள் அடியில் தங்கிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். "நான் பண்ணட்டுமா?" என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாற்பது நிமிஷமும் பையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து டாக்டர் காலையில் வந்து நாலு கேள்வி கேட்பார். உங்க பேர் என்ன, இது எந்த இடம், இது என்ன மாசம், இவங்க யாரு. கடைசிக் கேள்விக்கு அவளைக் காட்டுவார். ஒவ்வொன்றுக்கும் தாளில் மூன்று கட்டங்கள்: சரி, தவறு, பதில் இல்லை. மூன்று நாளும் நாலு கேள்விக்கும் மூன்றாவது கட்டத்தில்தான் டிக் விழுந்தது.

நாலாம் நாள் காலை எட்டேகால் இருக்கும். போர்வைக்குள் மாஸ்டரின் வலது கால் வெடுக்கென்று விறைத்தது. இரண்டு விநாடி அப்படியே நின்றுவிட்டுத் தளர்ந்தது. பத்துப் பத்துக்கு மறுபடியும். அவள் தன் கைப்பையிலிருந்து வாரியத்தின் நோட்டை எடுத்தாள். நேரம், இடம், என்ன நடந்தது. பழக்கதோஷம். அடுத்த நாள் சாயங்காலத்துக்குள் பதினேழு தடவை. சுத்தமாகப் பிரதி எடுத்து, கோடு போட்டு, நர்ஸ் கையில் கொடுத்தாள். ஒன்றையும் விடவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆறாம் நாள் காலை டாக்டர் அந்தத் தாளோடு வந்தார். கொண்டையிலிருந்த பேனா கையில் இருந்தது.

"இது வலிப்பா இருக்கலாம்மா. ஒரே கால், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப."

தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு மணி நேரம் மூளையின் அலைகளைப் பதிவு செய்தார்கள். கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, யாரும் பேசக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் கால் அசையவே இல்லை.

"அலை மந்தமா இருக்கு, அது தெரிஞ்சதுதான்" என்றார் டாக்டர். "ஆனா கால் அசையாததால வலிப்புன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. ஆராய்ச்சியோட பாதுகாப்புக் குழு இன்னிக்கு நாலு மணிக்குக் கூடுது. பதினேழு தடவைன்னு எழுத்துல இருக்கு. அவங்க நாளைக்குப் பை வேண்டாம்னுதான் சொல்வாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்."

"தள்ளிப் போட்டா?"

"ஏழாம் நாள் தவறினா அவ்வளவுதான். விதிமுறை அப்படி."

யார் எழுதிக் கொடுத்தது? அவள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. பதிவான புகாரை யாராலும் அழிக்க முடியாது என்பதை ஆயிரம் பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். சந்தேகம் மூலையில் நின்று, "அவங்க நல்லாத்தான் எண்ணுனாங்களா, பதினேழுதானா?" என்று யாரிடமோ கேட்டான். ஆராய்ச்சியே வேண்டாம் என்று குதித்தவன், இப்போது இரண்டாவது பை இல்லை என்றதும் அழுதுவிடுவான் போல நின்றான். அவள் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. சாப்பாட்டு வண்டி. தள்ளிக்கொண்டு வந்த அம்மாளுக்கு அவசரம். கட்டிலின் கால்மாட்டை நோக்கி விறுவிறுவென்று வந்தாள். மாஸ்டரின் கால் இறங்கியது. வண்டி கட்டிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கால் தளர்ந்தது.

அவள் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் மெத்தையில் ஊன்றியபடி இருந்தது. முன்பாதம் மட்டும் இறங்கியது. அது வெட்டி இழுத்துக்கொண்ட கால் இல்லை. அளந்து மிதித்த கால்.

அந்தக் காலை அவளுக்குத் தெரியாதா? டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவன் தூங்கினாலும் அதன் மேல் இருக்கும் மாஸ்டரின் கால் தூங்காது. "பிரேக்" என்று அவர் வாய் சொல்வதற்குள் கால் முந்திக்கொள்ளும். பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அதில் வண்டி வந்தாலும் மிதிப்பார். கல்யாணமான புதிதில் படுக்கையில் எத்தனை உதை வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, வண்டியைப் பின்னாடி கொண்டு போய்ட்டு மறுபடி வாங்க" என்றாள்.

"எதுக்கும்மா? எனக்கு இன்னும் பன்னெண்டு ரூம் இருக்கு."

"ஒரே ஒரு தடவை. வேகமா வாங்க."

அந்த அம்மாள் இவளுக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு செய்திருக்க வேண்டும். பயத்தில் சொன்னபடி செய்தாள். வேகமாக வந்தபோது கால் முழுசாக இறங்கியது. மெதுவாக வந்தபோது தொட்டுவிட்டு எடுத்தது. பின்னால் போனபோது அசையவே இல்லை.

அவள் நர்ஸ் மேஜைக்கு ஓடினாள். மருந்து வண்டி எப்போது வரும், துணி வண்டி எப்போது, சாப்பாடு எப்போது? நேரங்களைத் தன் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதினாள். எட்டேகால் மருந்து. பத்துப் பத்து துணி. பதினேழில் பதினைந்து அப்படியே பொருந்தின. மீதி இரண்டுக்கு விடை இல்லை. இல்லை என்றே எழுதினாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார், வண்டியைத் தள்ளச் சொல்லிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு. ஆனா சத்தம் கேட்டு உடம்பு திடுக்கிடறது வேற, புரிஞ்சு செய்யறது வேற. குழுவுல இதைத்தான் முதல்ல கேட்பாங்க."

"வண்டிச் சத்தமே இல்லாம செஞ்சு காட்டட்டுமா?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. தலையாட்டிவிட்டுக் கைப்பேசியின் கேமராவைக் காலுக்கு நேராகப் பிடித்தார். கதவோரம் நர்ஸ், சாப்பாட்டு வண்டி அம்மாள், நாளைக்குப் பை உண்டா என்று கேட்க வந்த செல் ரூம்காரர், சந்தேகம் எல்லாரும் நின்றார்கள். அவள் கட்டிலின் பக்கத்தில், இல்லாத ஸ்டியரிங்கைப் பிடிக்கிற உயரத்துக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது.

"மாஸ்டர், வண்டியை எடுக்கிறேன். ரோடு காலியா இருக்கு."

கால் அசையவில்லை.

"செகண்ட் போட்டுட்டேன். இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல். கேட் சாத்தியிருக்கு. நேரா போறேன்."

கால் அசையவில்லை. கதவருகே யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"பந்து ஒண்ணு ரோட்டுக்கு உருண்டு வருது மாஸ்டர்."

கால் இறங்கியது. போர்வை இழுபட, கடைசி வரைக்கும் இறங்கி, அப்படியே நின்றது.

கேமராவைப் பிடித்திருந்த டாக்டரின் கை தாழ்ந்தது. "பந்துக்கா?" என்றார் மெல்ல. "பந்துக்கு ஏன்?"

"பந்துக்குப் பின்னாடி புள்ளை ஓடி வரும்" என்றாள் அவள். "முதல் நாள் பாடமே அதுதான்."

டாக்டர் கைப்பேசியை மறுபடி காலுக்கு நேராக உயர்த்தினார். பிறகு குனிந்து, மாஸ்டரின் காதருகே தானே சொன்னார். "மாஸ்டர், ரோட்டுல ஒரு காகிதம் பறந்து வருது."

கால் அசையவில்லை.

நாலு கேள்விக்கும் பதில் இல்லாத ஒரு மனிதர், தன் பெயரே தெரியாமல் கிடப்பதாக எல்லாரும் நினைத்த ஒருவர், அந்த மங்கலுக்குள் எங்கேயோ உட்கார்ந்து, இன்னும் கண்ணில் படாத ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் போக விட்டுவிட்டார். சாப்பாட்டு வண்டி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல் ரூம்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். பதினோரு பேருக்குச் செல் வளர்த்துக் கொடுத்தவர், பை ஏறிய ஆள் ஒருவர் தன் கண் முன்னால் பதில் சொல்வதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது முதல் பையால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா இது வலிப்பு இல்லைன்னு சொல்வேன்." கைப்பேசியை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டிரம் வந்தது. புகை இறங்கியது. இன்னொரு ஏழு கோடி பேர் எழுந்தார்கள். இந்தத் தடவை பையைச் சாய்க்கும் வேலையைச் சந்தேகம் கேட்டு வாங்கிக்கொண்டான். முப்பத்தெட்டு நிமிஷமும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்படி ஒரு அதிசயத்தைக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் அவளுக்குள் புதிதாக ஒன்று அரிக்கத் தொடங்கியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு ரோடு தெரிகிறது. பந்து தெரிகிறது. பந்துக்குப் பின்னால் வருகிற பிள்ளை தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியது யார் என்று தெரிகிறதா? இருபத்திரண்டு வருஷத்தில் பல்லாயிரம் பேர் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார்கள். அவள் அவர்களில் ஒருத்தியாக மட்டும் மிஞ்சிவிட்டால்?

இரண்டாவது பை போன மூன்றாம் நாள் மாஸ்டரின் கண்கள் ஆட்களைத் தொடர ஆரம்பித்தன. நாலாம் நாள் தண்ணீர் என்றார். ஆறாம் நாள் பெயரைச் சொன்னார், நர்ஸ் கைதட்டிவிட்டாள். ஏழாம் நாள் இடத்தையும் சொன்னார். மாதத்தைத் தப்பாகச் சொன்னார். "இவங்க யாரு?" என்று டாக்டர் கேட்டபோது அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்தது. அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று ஊருக்கே சொல்கிறவள்.

எட்டாம் நாள் காலை வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. டாக்டர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர் சரி. இடம் சரி. மாதமும் சரி.

"இவங்க யாரு?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். நேற்று போலவே வெகுநேரம் பார்த்தார். நெற்றி சுருங்கியது. அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கி, தோளுக்குப் போய், மடியில் கோத்து வைத்திருந்த கைகளில் வந்து நின்றது. டாக்டர் காத்திருந்துவிட்டு, பேனாவை மூன்றாவது கட்டத்துக்கு மேலே கொண்டுபோனார்.

"இளைச்சுட்டா" என்றார் மாஸ்டர்.

குரல் காய்ந்திருந்தது. டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"ரொம்ப இளைச்சுட்டா. சாப்பிடாம கிடந்திருக்கா." அவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் மேல் கோபம்கூட வந்துவிட்டது போலிருந்தது. "எத்தனை நாளா இங்கேயே உக்காத்தி வச்சிருக்கீங்க இவளை?"

டாக்டர் தாளைப் பார்த்தார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. எந்தக் கட்டத்தில் போடுவது என்று அதில் போட்டிருக்கவில்லை. பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

முப்பத்துநாலு நாளாக அவளுக்கு நினைவில்லாத ஒன்று அந்த நிமிஷம் வந்தது. பசி. பொறுக்க முடியாத பசி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தேம்பிக்கொண்டே, "சாப்பிடறேன் மாஸ்டர், இதோ சாப்பிடறேன்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிடப் போக மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை.